சந்தையில் வாங்கிய இரண்டு ஹெட்ஃபோன்கள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஹெட்ஃபோன் ஒன்று உடையாமல் கிடைப்பதே பெரிய விஷயம். ஒரே மாடலில் இரண்டு கிடைத்ததால்தான் ஷ்யாம்சுந்தர் மத்தியானமே மனைவி மிருதுளா வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போன் செய்தான். வேலை நேரத்தில் அவன் அவளைக் கூப்பிடுவது அபூர்வம்.

"ரெண்டு கிடைச்சிருக்கு மிருதுளா. எழுபதுகள்ல ஜப்பான்ல செஞ்சது. ரெண்டும் பாடுது," என்றான். அவனுக்குப் பின்னால் யாரோ பழைய மிக்ஸி ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவன் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தான். அவ்வப்போது ஒரு வெள்ளிக்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டுச் சந்தைக்கு வந்துவிடுவான். பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன்கள்தான் அவனுக்கு வேண்டும். காதை முழுசாக வளைத்து மூடிக்கொண்டு, வெளிச் சத்தத்தை உள்ளே விடாத வகை. சேலையூரில் அவர்கள் வீட்டுக்கு மேலே விமானப்படையின் பயிற்சி விமானங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள்ளே அவனுடைய அம்மா ஞானாம்பாளின் டிவி காலையில் பக்தியில் தொடங்கி ராத்திரி சீரியலில் முடியும். இரண்டுக்கும் நடுவே பாட்டு கேட்பதற்கு அவன் கண்டுபிடித்த வழி அது.

பழைய ஹெட்ஃபோன்களை வாங்கியபடியே கேட்க முடியாது. காதில் படும் மெத்தை காய்ந்து, தொட்டால் கறுப்புப் பொடியாக உதிரும். கிண்ணம் போன்ற பிளாஸ்டிக் கூடு வெறுமையாக இருப்பதால், பாடுகிறவர் டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது போல ஒரு அதிர்வு வரும். ஷ்யாம்சுந்தர் அவற்றைப் பிரித்து, கூட்டுக்குள் பஞ்சு வைப்பான், கம்பளித் துணி ஒட்டுவான், சிறு துளைகளை டேப் போட்டு அடைப்பான், புது மெத்தை மாட்டுவான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பான்.

ஒப்பிடுவதற்கு அவனுக்கு மிருதுளா வேண்டும். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துத்தான் அது தெரியவந்தது. ஒருநாள் அவன் இரண்டு ஹெட்ஃபோன்களை மாற்றி மாற்றிப் போட்டுக் குழம்பிக்கொண்டிருந்தபோது, அவள் துணி மடித்துக்கொண்டே ஒன்றை வாங்கிக் கேட்டுவிட்டு, "இதுல மிருதங்கத்தோட இடது பக்கம் ரப்பர் மாதிரி இருக்கு. அதுல தோல் மாதிரி இருக்கு," என்றாள். அவன் மறுபடி கேட்டான். அவள் சொன்னது சரி. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. டாக்டர்களிடம் அலைந்து ஓய்ந்த பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோயிருந்தது. சாப்பாடு, கேஸ், கரண்ட் பில், அம்மாவின் மாத்திரை என்று பேச்சு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் அவளிடம் ஏதாவது கேட்டு, அவள் பதில் சொல்லும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் அதற்காகவே உட்கார்ந்தாள். பாட்டு அவளுக்கு இரண்டாம்பட்சம்.

ஒரே மாதிரி இரண்டு கிடைத்ததும் அவன் ஒரு புது யோசனை சொன்னான்.

"ஒண்ண நான் பண்றேன். இன்னொண்ண நீ பண்ணு. அப்புறம் ரெண்டையும் கேட்டுப் பாப்போம்."

"எனக்கு என்ன தெரியும்?"

"என்ன செய்யணும்னு எனக்கு நீதான சொல்ற. அதை உன் கையால செஞ்சு பாரு."

மிருதுளாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சமையலை முடித்ததும் டைனிங் டேபிளில் செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்குவாள். அவன் தன்னுடையதில் பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண்ணைக் கூட்டின் உள்சுவரில் அப்பி, மேலே பஞ்சு வைத்தான். அவள் மெல்லிய கம்பளியை இரண்டு அடுக்காக ஒட்டினாள். கடையில் விற்கும் மெத்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. கிழிந்துபோன தன்னுடைய தோல் கைப்பையை வெட்டி, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, ஊசி இறங்காத தோலில் விரல் வலிக்க வலிக்கத் தைத்தாள். தைத்து மாட்டியதும் காதில் வைத்துப் பார்த்தாள். தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியின் சத்தம் நின்றுபோயிற்று.

ஞானாம்பாள் ஹாலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வூட்ல ஒருத்தன் காதை அடைச்சிக்கிறது போதாதுன்னு இப்ப ரெண்டு பேரு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு டிவிக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டு முடித்ததும் இருவரும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஷ்யாம்சுந்தரிடம் இரண்டு ஹெட்ஃபோன்களை ஒரே நேரத்தில் செருகக்கூடிய ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. ஒரே பாட்டை இருவரும் கேட்கலாம். ஒரு வீணைக் கச்சேரியின் பதிவை ஓடவிட்டான். முதலில் அவரவர் செய்ததை அவரவர் போட்டுக்கொண்டார்கள். பிறகு மாற்றிக்கொண்டார்கள்.

அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டதும் ஷ்யாம்சுந்தர் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு ஒரு காதைத் தூக்கிவிட்டு, "உன்னுதுதான் நல்லா இருக்கு. என்னுது இதுக்குப் பக்கத்துலகூட வராது," என்றான்.

அவன் பொறாமைப்படவில்லை. முகம் மலர்ந்திருந்தது. அவள் கையை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். அப்படி அவன் செய்து வருஷக்கணக்காகியிருந்தது.

மறுபடி அதே பதிவை முதலிலிருந்து போட்டான். அவளுடையது அவன் தலையிலேயே இருந்தது. அவன் செய்தது அவள் தலையில். அதில் களிமண் கனம்தானே தவிர, மெத்தை அவ்வளவு இறுக்கமில்லை. வீணையின் கமகத்துக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது போல மிருதுளாவுக்குப் பட்டது. ஏதோ விழுந்தது போலவும், பிறகு ஒரு குரல் போலவும். அவள் ஒரு பக்கத்தை விலக்கினாள்.

"ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு," என்றாள்.

அவன் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பாட்டை நிறுத்தாமல், "அம்மாவோட டிவி. கழட்டாத, இப்ப வர இடத்தக் கேளு," என்று கையைக் காட்டினான்.

அவள் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள். ஹாலில் டிவி பேசிக்கொண்டுதான் இருந்தது. அவன் கை இன்னும் அவள் கையின் மேல் இருந்தது. அவள் ஹெட்ஃபோனைச் சரிசெய்து காதில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பதிவு முடியும் தறுவாயில் ஜன்னல் கதவு அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் ஒரு கை கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. மிருதுளா எழுந்து திரையை விலக்கினாள். மீன்காரி அங்காளம்மாள். தலைச்சுமையைத் தெருவில் இறக்கிவைத்துவிட்டுக் ஜன்னலை ஒட்டிய காம்பவுண்டுச் சுவரை ஒரு கையால் எட்டிப் பிடித்து நின்றிருந்தாள்.

"இன்னாம்மா பண்ணிகினு கீறீங்க உள்ள. பெரீம்மா பாத்ரூம்ல வியுந்து கெடக்குது. ஷ்யாமு ஷ்யாமுனு கூவிகினே கீது. சந்துல நான் வந்துகினு இருந்தப்ப இருந்தே கூவுது. கேட்ல அடிச்சி அடிச்சிப் பாத்தேன், ஒருத்தரும் வரல."

ஷ்யாம்சுந்தர்தான் முதலில் ஓடினான். பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் இரண்டு இடியில் பெயர்ந்தது. ஞானாம்பாள் ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் பார்க்க முடியாதபடி திரும்பியிருந்தது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டிருந்தது. அவள் மகனைப் பார்த்தாள். அவன் கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கி வந்த வயர் தரைத் தண்ணீரில் இழுபட்டது. அவள் அதையும் பார்த்தாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சேர்த்தார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்ததால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். மிருதுளா மாற்றுப் புடவை எடுத்துவர வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, ஷ்யாம்சுந்தர் வராந்தாவில் முதுகைக் காட்டிக்கொண்டு திருச்சியில் இருக்கும் அக்கா ஜெயப்ரியாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் கடைக்குப் போயிருந்தேன்க்கா. ஞாயித்துக்கிழமை இல்லையா, கூட்டம்… மிருதுளா வீட்லதான் இருந்தா. ஹெட்ஃபோன் மாட்டிட்டு உக்காந்திருந்திருக்கா. அவளுக்குக் கேக்கல… ஆமாக்கா. நான் வந்துதான் கதவ உடைச்சேன்."

மிருதுளா துணிப்பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அவன் போனை வைத்துவிட்டுத் திரும்பினான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசு."

"நாம ரெண்டு பேரும்தான உள்ள இருந்தோம். நான் சத்தம் கேக்குதுன்னு சொன்னேன். நீங்கதான் கழட்டாதன்னீங்க."

"தெரியுது மிருதுளா. அக்காவப் பத்தி உனக்குத் தெரியாதா? பெத்த அம்மா விழுந்து கத்துறப்ப பையன் கதவச் சாத்திட்டுப் பாட்டுக் கேட்டுட்டு இருந்தான்னா, என்னைச் சாகுறவரைக்கும் விடமாட்டா. சித்தப்பா, மாமா எல்லாருக்கும் போகும். நீ மருமக. நாலு நாள் பேசுவாங்க, விட்டுடுவாங்க."

"எனக்கு நாலு நாளு, உங்களுக்குச் சாகுறவரைக்குமா?"

"இப்ப இதைப் பேசற இடமா இது?" என்றான். உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். அவன் போய்விட்டான்.

அவன் பயந்துபோயிருக்கிறான், பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான், பிறகு தானே சரிசெய்துவிடுவான் என்று மிருதுளா நினைத்தாள். சரிசெய்யாவிட்டாலும் பரவாயில்லை, அத்தைக்குத் தெரியும் என்று நினைத்தாள். விழுந்தவள் கூப்பிட்டது அவன் பெயரை. கதவு திறந்ததும் பார்த்தது அவன் முகத்தை. ஞானாம்பாளுக்கு மருமகளிடம் பெரிய ஒட்டுதல் கிடையாது; ஆனால் பொய் சொல்கிறவள் இல்லை. பால்காரன் மிச்சச் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால் தெருமுனை வரை போய்த் திருப்பித் தருகிறவள்.

மறுநாள் காலை ஜெயப்ரியா தாம்பரத்தில் ரயில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மிருதுளாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைத் தடவிக்கொண்டே, "யாரையும்மா கூப்பிட்ட? எவ்வளவு நேரம் கூப்பிட்ட?" என்று கேட்டாள்.

ஷ்யாம்சுந்தர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தான். மிருதுளா குளுக்கோஸ் பாட்டில் ஸ்டாண்டுக்கு அருகில் நின்றிருந்தாள். ஞானாம்பாள் முதலில் மகனைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"மிருதுளா மிருதுளான்னு கத்தினேன். அவளுக்குக் கேக்கல," என்றாள்.

ஜெயப்ரியா அப்போதுதான் மிருதுளாவை நிமிர்ந்து பார்த்தாள். "காதுல பாட்டு வேணும்னா கேட்டுக்கம்மா. வேணாங்கல. வயசானவங்கள வீட்ல வச்சிட்டு ஒரு காதையாவது தொறந்து வச்சிருக்கலாம்."

மிருதுளா கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா அண்ணி," என்றாள் மிருதுளா. பிறகு பல நாட்கள் அந்த "ஆமா"வை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்தும் ஞானாம்பாளால் நடக்க முடியவில்லை. வாக்கரைப் பிடித்து நிற்பதே பெரும்பாடு. பின்பக்க அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டார்கள். இனி யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் மிருதுளா முதலில் லீவு நீட்டித்தாள்; பிறகு அவர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். அவள் சரி என்றாள். ஷ்யாம்சுந்தர், "கொஞ்ச நாளைக்குத்தான்," என்றான்.

சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரும் ஆப்பிளோ ஹார்லிக்ஸோ கொண்டுவந்தார்கள். கூடவே விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஒரு வார்த்தையும் கொண்டுவந்தார்கள். ஒரு சித்தி, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் செல்லு, பாட்டு, இதுதான் உலகம்," என்றாள். பக்கத்துத் தெரு மாமா ஒருவர் மிருதுளா காபி கொடுத்தபோது சத்தமாக, "கேக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஷ்யாம்சுந்தரும் அங்கே இருந்தான். தலையைக் குனிந்து காபியை ஆற்றினான்.

ஒருநாள் மத்தியானம் வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது மிருதுளா மாமியாருக்கு உடம்பு துடைத்துவிட்டு, நைட்டி மாற்றி, தலை வாரிவிட்டாள். கட்டிலின் காலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு அவரும் வீட்லதான் இருந்தாரு. நீங்க அவரைத்தான் கூப்பிட்டீங்க. தெருவுல போன அங்காளம்மாளுக்கே அது கேட்டிருக்கு."

ஞானாம்பாள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். மறுக்கவில்லை. அதுதான் மிருதுளாவை மேலும் உலுக்கியது.

"தெரியும்," என்றாள் கிழவி. "கூப்பிட்டேன். அவன் வரல."

"அப்புறம் ஏன் என் பேரைச் சொன்னீங்க?"

"அவன் மூஞ்சிய அன்னிக்கு நீ பாத்தியா? அப்படியே செத்துப்போயிருந்தான். அவனால தாங்க முடியாதும்மா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்." சிறிது நேரம் மூச்சு வாங்கினாள். "நீ தாங்கிப்ப."

"நான் தாங்கிப்பேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

ஞானாம்பாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பெட்பேன் வேண்டும், அவசரம் என்றாள். மிருதுளா எழுந்து எடுத்துவந்து, அவள் இடுப்பைத் தூக்கி, பெட்பேனைக் கீழே வைத்தாள். முடிந்ததும் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். பாத்ரூமில் பெயர்ந்த தாழ்ப்பாளுக்குப் பதில் புதுசு வைத்திருந்தார்கள். அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஷ்யாம்சுந்தர் மறுபடி ஹெட்ஃபோன்களை வெளியே எடுத்தான். முதலில் வாட்ஸப் குழுவில் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். தென்சென்னைப் பக்கம் இதே பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்த குழு அது. பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். பொங்கல் விடுமுறையில் மாடம்பாக்கத்திலிருந்து ஜோஸ்வின் என்பவன் வந்தான். கால் சென்டரில் வேலை பார்க்கிற, நிறையப் பேசுகிற, நல்ல பையன். ஜெயப்ரியாவும் பொங்கலுக்கு வந்திருந்தாள். ஹாலில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். மிருதுளா காபி எடுத்துவந்தாள்.

ஜோஸ்வின் இரண்டு ஹெட்ஃபோன்களையும் போட்டுப் பார்த்தான். தோல் மெத்தை போட்டதைக் கழற்ற மனமில்லாமல் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இது எப்படிண்ணா? வெளிய ஒரு சத்தம் உள்ள வரல. அந்த அக்கா அம்மாகிட்டப் பேசறது வாய் மட்டும்தான் அசையுது. பழைய பாடி, ஆனா இப்ப வர விலை கூடின செட்டுகூட இப்படி அடைக்காது."

"அது மிருதுளா பண்ணது," என்றான் ஷ்யாம்சுந்தர். பாராட்டைக் கேட்டதில் அவனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "பேட் கையால தைச்சது. என்னுது களிமண்ணு, பஞ்சு. ரெண்டையும் மாட்டிட்டு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து கேட்டோம். இதைத்தான் நான் போட்டிருந்தேன். சொன்னா நம்பமாட்ட, ஜன்னலத் தட்டினதுகூட எனக்குக் கேக்கல. மிருதுளா எந்திரிச்சதப் பாத்துத்தான் நான்…"

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். ஜோஸ்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே சொல்லட்டும் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தான். டிவியில் பொங்கல் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. ஞானாம்பாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயப்ரியா தம்பியைப் பார்த்தாள். பிறகு தட்டோடு நின்றிருந்த மிருதுளாவைப் பார்த்தாள். இப்போது கேட்பாள், எல்லார் முன்னாலும் கேட்பாள் என்று மிருதுளா நினைத்தாள். இத்தனை மாதம் ஒரு வார்த்தை தேடித் தவித்ததற்கு, அவன் வாயிலிருந்தே அது விழுந்துவிட்டது.

"காபி ஆறிப்போச்சு மிருதுளா. சூடா வேற கொண்டாயேன்," என்றாள் ஜெயப்ரியா.

மிருதுளா சமையலறைக்குள் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். சிறிது நேரத்தில் ஜெயப்ரியா பின்னாலேயே வந்து, கதவோரம் நின்றாள்.

"அண்ணி, நீங்க கேட்டீங்கல்ல?" என்றாள் மிருதுளா.

"கேட்டேன்."

"இப்பவாவது தெரிஞ்சுதா?"

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் ஜெயப்ரியா. குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. "அவன் எந்த ஞாயித்துக்கிழமை கடைக்குப் போயிருக்கான்? எங்க அம்மா விழுந்தா எங்க அம்மா வாயில யார் பேரு வரும்னு எனக்குத் தெரியாதா?"

பால் பொங்கி விளிம்பில் வழிந்தது. மிருதுளா அடுப்பை அணைக்காமல் நின்றாள். ஜெயப்ரியா கையை நீட்டி அணைத்தாள்.

"தெரிஞ்சுதான் சித்திகிட்ட, மாமாகிட்ட எல்லார்கிட்டயும் என்னைச் சொன்னீங்களா?"

"வேற யாரைச் சொல்லச் சொல்ற? என் தம்பியச் சொல்ல முடியுமா?" ஜெயப்ரியா டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தாள். "அம்மாவ நீதான் பாத்துக்கற. நல்லாப் பாத்துக்கற. நான் இல்லைன்னு சொல்லல. இதைப் போய் இப்பக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது? அவனுக்கு மனசு ஒடையும். அம்மாவுக்கு பிபி ஏறும். விடு."

அவளே காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். ஹாலில் ஜோஸ்வின் மறுபடி ஏதோ கேட்பதும், ஷ்யாம்சுந்தர் தாழ்ந்த குரலில் பதில் சொல்வதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தமும் கேட்டது.

மிருதுளா அடுப்பைத் துடைத்தாள். உண்மை தெரிந்தால் எல்லாம் மாறிவிடும் என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள். தெரியாதவர் என்று இந்த வீட்டில் ஒருவர்கூட இருந்ததில்லை. அவளுக்கு அன்று அழுகை வரவில்லை.

அன்றிரவு படுக்கையில் ஷ்யாம்சுந்தர், "வாய் தவறி வந்துடுச்சு. நல்லவேளை, அக்கா ஒண்ணும் கேக்கல," என்றான். மறுநாளிலிருந்து மிருதுளா ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். அத்தை கூப்பிட்டால் கேட்கவேண்டும் இல்லையா என்றாள்.

அவன் அதற்குப் பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தான். புதிதாகக் கிடைத்த ஒன்றுக்கு மூன்று விதமாகப் பஞ்சு வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டான். அவள் கை வேலையை நிறுத்தி, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு முதல் நொடியிலேயே தெரிந்தது. ஒன்றில் குரல் மூக்கடைத்திருந்தது, இன்னொன்றில் தாளம் கிணற்றுக்குள் விழுந்தது, மூன்றாவதுதான் சரி.

"எல்லாம் ஒண்ணுதான்," என்றாள்.

"நல்லாக் கேளு மிருதுளா."

"கேட்டேன். ஒரே மாதிரிதான் இருக்கு."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு அப்படிப் பார்க்கும்போது அவளுக்குள் ஏதோ மலரும். இப்போது அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, கீரையை ஆய உட்கார்ந்தாள். அவன் முதலாவதைத் தேர்ந்தெடுத்துக் குழுவில் எழுதினான். கேட்டுப் பார்த்தவர்கள் ஒன்றும் பிரமாதமில்லை என்றார்கள். இரண்டு மூன்று முறை அப்படி ஆன பிறகு அவன் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டான். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்டான். அவர்களுக்குள் மிச்சமிருந்த ஒரே பேச்சும் அதோடு போயிற்று. அதைக் கெடுத்தது தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். வருத்தப்படவேண்டும் என்று நினைத்தாள், வரவில்லை.

ஜூன் மாதம் அனகாபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் ஆள் தேடுகிறார்கள் என்று பழைய தோழி ஒருத்தி சொன்னாள். மிருதுளா யாரிடமும் கேட்காமல் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பகலில் அத்தையைப் பார்த்துக்கொள்ள, பேபி என்ற அம்மாளை ஏற்பாடு செய்தாள். ஷ்யாம்சுந்தர், "அக்கா என்ன சொல்வா?" என்றான். "உங்களுக்குத் தோணுறத அவங்ககிட்டச் சொல்லிக்கங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே," என்றாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அக்காவும் போனில் சொல்லவேண்டியதைச் சொன்னாள். படுத்துக்கிடக்கிறவளைக் கூலி ஆளிடம் விட்டுவிட்டுப் போகிறாளே என்று சொந்தத்தில் பேச்சு கிளம்பியது. மிருதுளா வேலைக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமையும் உண்டு. முதல் சனிக்கிழமை பேபி காய்ச்சல் என்று வரவில்லை. ஷ்யாம்சுந்தருக்கு அன்று விடுமுறை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். மிருதுளா இட்லியை ஹாட்பேக்கில் வைத்து, மாத்திரைகளை எடுத்துவைத்து, டிபன் பாக்ஸைப் பையில் போட்டாள். ஞானாம்பாளிடம் போய், "கிளம்பறேன் அத்தை," என்றாள்.

"அந்தப் பொம்பள வரலியே. நீயும் போயிட்டா கூப்பிட்டா யாரு வருவா?"

"அவர் வீட்லதான் இருக்காரு. அவரைக் கூப்பிடுங்க."

ஞானாம்பாள் மருமகளைப் பார்த்தாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மிருதுளா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டைத் திறக்கும்போது உள்ளேயிருந்து, "மிருதுளா" என்று குரல் வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை வந்தது. அறைக்கதவு திறந்த சத்தம் எதுவும் வரவில்லை.

அவள் கேட்டின் கொண்டியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு திரும்பிப் போய், படுக்கையறைக் கதவைத் திறந்தாள். ஷ்யாம்சுந்தர் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் பின்னாலிருந்து போய் அவன் தலையிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"உங்க அம்மா கூப்பிடறாங்க," என்றாள்.

"உன்னைத்தான கூப்பிடறாங்க?" என்றான் அவன், காதுகொடுத்துக் கேட்டுவிட்டு.

அவள் வெளியே வந்து கேட்டைச் சாத்தினாள். கேம்ப் ரோட்டில் பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தபோது வழக்கமான ரயில் போய்விட்டிருந்தது. அடுத்ததில் கூட்டம் அதிகம். பல்லாவரம்வரை நின்றுகொண்டே போனாள். பிறகு பம்மல் வழியாகப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி, ஓரத்தில் கிடைத்த இடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையில் போன் அடித்தது. பையைத் திறந்து பார்த்தாள், வீட்டு நம்பர்தான். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. பக்கத்திலிருந்த பெண், "உங்க போன்தாங்க," என்றாள்.

"ஆமாங்க," என்றாள் மிருதுளா. எடுக்கவில்லை.